சைனீஸ் ஓட்டலில் நடந்தது பற்றி மச்சானுக்கு

பழவேற்காடு,
21-6-2007

ஷார்ஜாவில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் சர்ஃபராஸ் அவர்களுக்கு, வலைக்கடை அமீருதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உங்கள் அக்கா மெஹர்னிசா சுகம், மகள் அஃபீஃபா சுகம், கடையும் சுகம். என் வயிறு மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சுகமில்லை. அதற்குக் காரணம் நீங்கள். அங்கே உங்கள் உடம்பு எப்படி, வெயில் எப்படி என்றெல்லாம் கேட்பதுதான் முறை, கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் கார்டு பாதியில் தீர்ந்துபோய், நான் திட்டுவதெல்லாம் காற்றோடு போகிறது. ஆகையால் கடுதாசி.

விஷயம் உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் ஆத்திரத்தில் இருக்கிற மனுஷன் முதலிலிருந்துதான் சொல்வான். ஏழு வருஷத்துக்கு முன்னால், பொன்னேரியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் கூடப்பிறந்த அண்ணன், தன் மகள் கல்யாணத்துக்கு என்னை நேரில் வந்து அழைக்காமல், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகன் பைசலிடம் பத்திரிகையைக் கொடுத்தனுப்பினார். அதுவும் நான் கடையில் இல்லாத நேரம். அந்தப் பையன் அதை வலைக்கட்டின் மேல் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டான். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நானும் கேட்கவில்லை. இப்படியே ஏழு வருஷம். இப்போது அஃபீஃபாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ், பத்திரிகை அச்சாகி வந்து மேசைமேல் இருக்கிறது, இந்தப் பெண் என் அண்ணனை வைத்து என்ன சொல்கிறாள் தெரியுமா? "சாட்சிக் கையெழுத்து பெரியத்தாதான் போடணும். அவர் வராம, நிக்காஹ் அன்னிக்கு சம்மதமான்னு யார் வந்து கேட்டாலும் நான் வாயே தொறக்க மாட்டேன்." திறக்க மாட்டேன் என்றால் திறக்க மாட்டாள், மச்சான். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஏழு வருஷம் பேசாமல் இருந்த நான் கேட்பது நன்றாயிருக்காது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் என் கதி என்ன? மூன்று வாரமாக எனக்குத் தூக்கம் இல்லை.

நான் பொன்னேரிக்குப் போனால் நான் இறங்கிப்போனதாகும். அவர் இங்கே வந்தால் அவர் இறங்கிவந்ததாகும். பிரியாணிக் கடையில் சந்திக்கலாம் என்றால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கள் இரண்டு பேரையும் தெரியாத பிரியாணிக் கடைக்காரர் இன்னும் பிறக்கவில்லை. அப்போதுதான் நீங்கள் போனில், "மச்சான், உங்க ரெண்டு பேருக்கும் சம்பந்தமே இல்லாத எடமாப் பாருங்க. சைனீஸ் ஓட்டலுக்குப் போங்க" என்று ஒரு யோசனை சொன்னீர்கள். அந்த பைசல் இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான், சம்பளத்தன்று சிநேகிதர்களோடு போய்ச் சாப்பிடுகிற சைனீஸ் ஓட்டல் ஒன்று அங்கே இருக்கிறதாம். அவன் அவர்களைக் கூட்டிவர, நான் இவர்களைக் கூட்டிப்போக, ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று முடிவாயிற்று.

ஓட்டல் ஜி.என்.டி. ரோட்டு மேலேயே இருக்கிறது. வாசல் போர்டில் டிராகன். வரைந்தவர் நம்ம பக்கத்து ஆள் போலிருக்கிறது, உடும்பு பீடி குடிக்கிற மாதிரி இருந்தது. உள்ளே பட்டப்பகலில் இருட்டு, மூலைக்கொரு சிவப்பு விளக்கு, ஏ.சி. வேறு. வெயிலிலிருந்து போன எனக்குக் கண் பழகுவதற்குள், காலியாக இருக்கிறதென்று ஒரு நாற்காலியில் உட்காரப்போனேன், அதில் அண்ணன் இருந்தார். ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல் சந்திப்பு அவர் மடியில். அவர் தொண்டையை மட்டும் கனைத்தார். நான் எழுந்து எதிர்ப்பக்கம் போகப் பார்த்தால் அங்கே உங்கள் அக்காவும் அஃபீஃபாவும் ஃபிர்தௌஸ் அண்ணியும் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் பைசல் எல்லைக்கல் மாதிரி உட்கார்ந்தான்.

உங்கள் அக்கா உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "கோழி யார் அறுத்தது? சைனாக்காரனா?" என்று ஆரம்பித்தாள். பரிமாறுகிறவருக்குத் தமிழ் வராது, நேபாளத்துக்காரர். அவர் பயந்துபோய் சமையல் மாஸ்டரையே கூட்டிவந்துவிட்டார். நீளமான வெள்ளைத் தொப்பியோடு வந்தவரைப் பார்த்து அஃபீஃபா இங்கிலீஷில் 'எக்ஸ்கியூஸ் மீ' என்றாள். அவர், "இன்னாம்மா வோணும்?" என்றார். பெயர் சடையப்பன், ஊர் ஊத்துக்கோட்டை. "பாய், இந்தக் கடையில தொப்பியும் கிண்ணமுந்தான் சைனா. கோழி நம்ம பஜார் பாய் கடையில அறுத்து எடுத்துக்குனு வர்றோம். பேஜார் பண்ணிக்காம சாப்டுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் உங்கள் அக்கா பர்தாவைத் தளர்த்தி மூச்சு விட்டாள்.

பைசல் சூப் சொன்னான். மூணு சூப், 'ஒன் பை டூ'. ஒரு சூப்பை இரண்டு கிண்ணத்தில் பாதிப் பாதியாக ஊற்றிக் கொண்டுவருவார்களாம், ஆறு பேருக்கு மூன்று போதுமாம். அந்த நேபாளத்து மனுஷன் வயசைப் பார்த்துப் பாதி பிரித்தாரோ என்னவோ, ஒரே சூப்பின் இரண்டு பாதியையும் அண்ணனுக்கும் எனக்கும் வைத்துவிட்டுப் போனார். பேச்சுவார்த்தையே இல்லாதவர்கள் ஒரே சூப்பைக் குடிப்பதா? அவர் தொடவில்லை. அவர் தொடாதபோது நான் தொட்டால் நான் தோற்றதாகும், ஆகையால் நானும் தொடவில்லை. சோளச் சூப் ஆறி, போஸ்டர் ஒட்டுகிற பசையாகிவிட்டது. நாலு பேரும் குடித்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு செக்கச்செவேலென்று ஒரு கோழி வந்தது. அந்த இருட்டில் கோழி எது, முழு மிளகாய் எது என்று யாருக்குத் தெரியும்? அண்ணன் ஒன்றை எடுத்து வாயில் போட்டார், அடுத்த நிமிஷம் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். "பாவம், ஏழு வருஷம் மனசிலயே வெச்சுக்குனு இருந்திருக்காரு" என்று உங்கள் அக்கா அழ ஆரம்பிக்க, அவளைப் பார்த்து அண்ணி அழ, அண்ணியைப் பார்த்து அஃபீஃபா அழ, பரிமாறுகிறவர் ஒரு கட்டு டிஷ்யூ பேப்பரையே கொண்டுவந்து வைத்துவிட்டார். நான் மட்டும் தலை நிமிரவில்லை. எனக்கு உண்மை தெரியும் மச்சான், அந்த மிளகாயின் ஜோடி என் வாயில் இருந்தது.

இந்த அழுகைக்கு நடுவில் கம்பெனியிலிருந்து போன் வந்து பைசல் வெளியே எழுந்து போய்விட்டான். எல்லைக்கல் இல்லை. அதே நேரத்தில் ஃபிரைடு ரைஸ் வந்தது. பெரிய நீள்வட்டத் தட்டு, குவித்து வைத்த சோறு, மேலே வறுத்த கோழி. அதை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு, சாப்பிடுகிற தட்டும் ஸ்பூனும் எடுத்துவரப் பரிமாறுகிறவர் உள்ளே போனார். இங்கேதான் எல்லாம் கெட்டது. நீங்கள் அங்கே பர்கர் தின்று தின்று மறந்திருப்பீர்கள், நம் கல்யாணத்தில் சஹன் என்று ஒரே பெரிய தட்டை நடுவில் வைத்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோமே, அந்தப் பழக்கம் எங்கே போகும்? நடுவில் ஒரு தட்டு, பக்கத்தில் அண்ணன். என் கை என்னைக் கேட்கவே இல்லை, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சோற்றில் இறங்கிவிட்டது. அவர் கையும் அந்தப் பக்கமிருந்து இறங்கிவிட்டது. நாலு கவளம் போயிருக்கும். ஒரு கால் துண்டு மெதுவாக என் பக்கம் நகர்ந்து வந்தது, நான் எடுத்துத் தின்றுவிட்டேன். தின்று எலும்பை வைத்த பிறகுதான் அதைத் தள்ளியது யார் கை என்று புத்தியில் பட்டது. எனக்கு ஆறு வயசு முதல் எந்த சஹனில் உட்கார்ந்தாலும் கால் துண்டை என் பக்கம் தள்ளுகிற கை அது. என்ன செய்வதென்று தெரியாமல் தட்டின் நடுவில் கையை விட்டு அளைந்தேன்.

"ஓரத்துல இருக்கறதத் துன்னுடா. நடுவுல இன்னாத்துக்குக் கைய வுடறே?" என்றார்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை இது. அதற்குள் ஸ்பூனும் வந்தது, பைசலும் வந்தான், பக்கத்து மேசையில் கம்பெனிப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சாச்சா, இன்னா இது, எல்லாரும் பாக்கறாங்க" என்று பைசல் கூனிக் குறுகினான். "நீ உன் முள்ளுக்கரண்டியில தின்னுக்கோ, போ" என்றார் அண்ணன். வாய் திறந்தது திறந்ததுதான். "பத்திரிகைய பையன்கிட்ட குடுத்தனுப்புவியா நீ?" என்றேன் நான். "நாப்பது ஊடு ஒண்டியா சுத்திக்குனு இருந்தேன். நம்ம ஊட்டுக்கு நாமளே பத்திரிகை வெச்சுக்குவோமாடா?" என்றார் அவர். "அப்ப இன்னாத்துக்கு அனுப்பினே? அனுப்பாமயே வுட்டிருந்தா நானே வந்திருப்பேனே!" என்றேன். ஏழு வருஷம் போட வேண்டிய சண்டையை அன்றைக்குத்தான் வாய்விட்டுப் போட்டோம். போட்டுக்கொண்டே தட்டைக் காலி செய்தோம். சத்தம் கேட்டு சடையப்பன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, "இன்னா பாய், உப்பு கம்மியா?" என்றார். இன்னொரு ஃபிரைடு ரைஸ் சொன்னோம்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களைத் திட்டுவேனா? வெளியே வந்ததும் அண்ணன், "சரி, அஃபீஃபா நிக்காஹ்வுக்கு நேர்ல வந்து கூப்பிடு, வர்றேன்" என்றார். "நம்ம ஊட்டுக்கு நாமளே பத்திரிகையா?" என்று அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவுதான், முகம் சுருங்கிவிட்டது. பொன்னேரி வரைக்கும் ஒரே ரயிலில் வந்தோம், அவர் முன்பெட்டி, நான் பின்பெட்டி. வீட்டுக்கு வந்ததிலிருந்து அஃபீஃபா என்னிடம் பேசுவதில்லை. இப்போதே ஒத்திகை பார்க்கிறாள்.

ஆகவே மச்சான், யோசனை சொன்னவர் நீங்கள், வழியும் நீங்களே செய்ய வேண்டும். நீங்கள் அண்ணனுக்குப் போன் போட்டு, நான் அழைக்காமலே அவரை வரவழைக்க வேண்டும். நான் பொன்னேரிக்குப் போய் அவர் வீட்டுப் படி ஏற மாட்டேன். உலகம் தலைகீழானாலும் மாட்டேன். இன்னொன்று, சைனீஸ் ஓட்டல் பக்கம் இனி என் செருப்பு கூடத் திரும்பாது.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல யோசனைகளையும் தரட்டும். வெயிலில் அலையாதீர்கள், உங்கள் அக்கா மோர் குடிக்கச் சொல்கிறாள்.

தங்கள் அன்பு மச்சான்,
அமீருதீன்

பின்குறிப்பு: கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எழுதுவது அமீருதீனின் அண்ணன். தம்பிக்கு இங்கிலீஷில் விலாசம் எழுத வராது, சின்ன வயசிலிருந்தே நான்தான் எழுதிக்கொடுப்பது. இன்று காலை நான் கடைக்குக் கிளம்புவதற்கு முன்பே மனைவி மகளோடு, தட்டில் பத்திரிகையும் கற்கண்டும் வைத்துக்கொண்டு என் வீட்டுப் படியில் வந்து நின்றான். உட்கார் என்றால், முதலில் பத்திரிகையை வாங்கு என்றான். வாங்கிக்கொண்டேன். பிறகு சட்டைப்பையிலிருந்து இந்தக் கடுதாசியை எடுத்து விலாசம் எழுதச் சொன்னான். உறையை ஒட்டாமல் கொடுத்தது அவன் தப்பு. ஆகையால் சில திருத்தங்கள். அவன் என் மடியில் உட்காரப்போகவில்லை, முழுசாக உட்கார்ந்தே விட்டான். இரண்டாவது ஃபிரைடு ரைஸில் முக்கால் பங்கு அவன் தின்றது. மிளகாய் என்று எழுதியிருப்பது மட்டும் சரி, அதை நீங்கள் அப்படியே நம்பவும். இப்போது உள்ளே நாஷ்டா சாப்பிடுகிறான். இந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரை எங்கே கூட்டிப்போகலாம் என்று பைசலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான், பதில் உங்களுக்கே தெரியும். அஃபீஃபா சாட்சிக் கையெழுத்துக்கு இப்போதே எனக்குப் பேனா வாங்கிக் கொடுத்துவிட்டாள். நீங்கள் லீவு சொல்லிவிட்டு அவசியம் வந்து சேர வேண்டும். உங்களையும் நேரில் வந்து அழைப்பதுதான் முறை, ஆனால் எனக்குப் பாஸ்போர்ட் இல்லை. பத்திரிகையை இந்த உறையிலேயே தபாலில் வைக்கிறேன், அதற்காக ஏழு வருஷம் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.