பர்மிங்காம் பூட்டு

மயிலாப்பூர்,
29-10-1999, வெள்ளிக்கிழமை

சௌபாக்கியவதி ஜானுவுக்கு வேதாந்தம் அநேக ஆசீர்வாதம். இங்கு நானும், நீ விட்டுப்போன துளசியும், சொட்டுகிற அடுக்களைக் குழாயும் க்ஷேமம். அங்கு நீயும் மஹதியும் மாப்பிள்ளை வெங்கடரமணனும், பிறந்து நாற்பது நாளான பேத்தியும் க்ஷேமம் என்று போன ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டு போனில் கேட்டுக்கொண்டேன். என்னைவிட அந்த வீட்டில் இருந்த நாலு பேரும் இன்னும் நன்றாகக் கேட்டுக்கொண்டார்கள்.

விஷயமே அதுதான். நமக்கென்று போன் கிடையாது. ராஜரத்தினம் வீட்டு நம்பருக்குப் பக்கத்தில் பி.பி. என்று போட்டு ஊர் முழுக்கக் கொடுத்து வைத்திருக்கிறோம். அவர்கள் தங்கமான மனுஷர்கள்தான். நீ கூப்பிட்டதும் அவர் மாடிப்படியில் நின்று, "சார், லண்டன்!" என்று தெருக்கோடி வரை கேட்கக் கத்துவார். பர்மிங்காம் என்று நான் பத்துத் தடவை சொல்லியாயிற்று. நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறுவதற்குள், மரியாதைக்காக டி.வி.யை அணைத்துவிட்டு, குடும்பமே சோபாவில் வரிசையாக உட்கார்ந்து என் வாயையே பார்க்கும். நான் கொஞ்சம் தயங்கினால், "முழங்கால் வலியைச் சொல்லுங்க சார்" என்று அவர் எடுத்துக் கொடுப்பார். நடுவில் அவர் சம்சாரம் ரத்னா ரிசீவரை வாங்கிப் பத்தியக் குழம்புக்குப் பக்குவம் சொல்லிவிட்டுத் திருப்பித் தருவாள். இப்படிப்பட்ட சபையில் வைத்து நீ போன மாசக் கடைசியில், "ஏன்னா, மஹதி இன்னும் மூணு மாசம் இருந்துட்டுப் போங்கறா. ஜனவரி டிக்கெட்டை ஏப்ரலுக்கு மாத்திக்கட்டுமா?" என்று கேட்டாய். நாலு ஜோடிக் கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது அறுபத்தொரு வயசுக்காரன் என்ன சொல்வான்? "பேஷா இரு, நேக்கென்ன குறைச்சல்!" என்றேன். ராஜரத்தினம் மெச்சித் தலையாட்டினார்.

அந்தப் பதிலில் ஒரு சின்னத் தவறு நேர்ந்துவிட்டது. முப்பத்து மூன்று வருஷம் பத்திரப்பதிவு ஆபீசில் உட்கார்ந்தவன் நான். தவறு நேர்ந்தால் பிழைதிருத்தல் பத்திரம் போட்டுவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் அதைக் கடிதத்தில் எழுத முடியாது. நீ கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, என் கடிதங்களை மஹதியிடம் கொடுத்துச் சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படிக்கச் சொல்கிறாய். மாப்பிள்ளை ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்கிறாராம். எஸ்.டி.டி. பூத்துக்குப் போகலாம் என்றால், கச்சேரி ரோடு பூத்தை நடத்துகிறவன் என் பழைய ஆபீஸ் ரகுபதி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "மன்னி என்ன சொல்றா சார்?" என்பான்.

ஆகவே மாப்பிள்ளை தன் பழைய செல்போனை மஹதியின் சிநேகிதி மதுவந்தி மூலம் கொடுத்தனுப்பியதும், எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கே பாண்டி பஜாருக்குப் போய் நம்மூர் கம்பெனியின் சிம் கார்டு வாங்கினேன். அதைப் போட்டால் போன் ஏதோ இங்கிலீஷில் முறைக்கிறது. கடைப் பெண், "அங்கிள், இது அந்த ஊர் கம்பெனி பூட்டி வெச்சிருக்கற போன். அவங்க கார்டு போட்டாத்தான் பேசும். அவங்களே நம்பர் குடுத்துத் தொறந்து விடணும்" என்றாள். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் விற்றவன் பூட்டுப் போட்டு வைப்பானா? வீட்டை விற்றவன் சாவியைத் தரமாட்டேன் என்றால் சும்மா விடுவோமா? அந்தக் கம்பெனி மானேஜருக்கு, ரேஷன் கார்டு நகலில் அட்டெஸ்டேஷன் வாங்கி இணைத்து, ரிஜிஸ்தர் தபாலில் மனு அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. மாப்பிள்ளை போன் பண்ணிக் கேட்டதற்கு, அவரை இரண்டு வாரம் காக்க வைத்துவிட்டு எட்டு இலக்கத்தில் ஒரு நம்பர் கொடுத்தார்கள். அதை அவர் மாடி வீட்டு போனில் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, ராஜரத்தினம் குடும்பமே எனக்குப் பின்னால் சேர்ந்து சொல்லிற்று.

நம்பர் வந்த நாள் சரஸ்வதி பூஜை. போனோ பூஜையில் இருக்கிறது. நீ இருந்திருந்தால் தடுத்திருப்பாய். புஸ்தகங்கள், என் பேனா, உன் ஸ்ருதிப் பெட்டி, அதன் மேல் போன் என்று அடுக்கி, எல்லாவற்றுக்கும் பாரபட்சமில்லாமல் சந்தனம் குங்குமம் வைத்திருந்தேன். புனர்பூஜை ஆகாமல் எடுக்கக் கூடாது. மறுநாள் குளித்துவிட்டு எடுத்து நம்பரை அழுத்தினால், ஐந்து என்ற பொத்தான் உள்ளே போனது வெளியே வரமாட்டேன் என்கிறது. சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது. இரண்டு தடவை தப்பாக விழுந்தது. மூன்றாவது தடவையும் தப்பினால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் என்று மாப்பிள்ளை எச்சரித்திருந்தார். ஒரு வாரம் அதைத் தொடவே பயந்து பீரோவில் வைத்திருந்தேன்.

நேற்று சிந்தாதிரிப்பேட்டை ரிச்சி தெருவில் மெஹபூப் அலி என்கிற ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். என் வயசு இருக்கும். போனைப் பிரித்தவர், "இன்னா சார் இது, போனுக்கு அபிஷேகம் பண்ணிக்கினு வந்துகீறீங்க!" என்றார். பல் தேய்க்கிற பிரஷ்ஷால் பொறுமையாகத் தேய்த்துக்கொண்டே, "யாராண்ட பேசணும், இவ்ளோ அவசரமா?" என்று கேட்டார். "ஆத்துல" என்றேன். அவர் கை நின்றுவிட்டது. "எங்க ஊட்ல ஆம்பூர் போயி நாலு நாளு ஆவுது சார். எனக்கே சோறு எறங்கல. உங்களுக்கு எத்தினி நாளு?" என்றார். எண்பத்தி ஒன்று என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் போனை என்னிடம் தரவில்லை. "நீங்க அவசரத்துல கீறீங்க சார். மூணாவது தபா நானே அமுக்குறேன். நீங்க நம்பரச் சொல்லுங்க" என்றார்.

திறந்துகொண்டது, ஜானு! திரையில் நம்மூர் கம்பெனி பேர் வந்தது. "பேசிப் பாரு சார்" என்றார். இது கடையில் பேசுகிற விஷயமில்லை என்று வந்துவிட்டேன். நாளை மூன்று மணிக்கு நாகேஸ்வர ராவ் பூங்காவில் தனியாக உட்கார்ந்து உன்னைக் கூப்பிட்டு, அந்தத் திருத்தத்தைச் சொல்லிவிடப் போகிறேன். டிக்கெட் மாற்ற நவம்பர் பதினைந்துதானே கெடு?

மற்றபடி நான் ஏங்கிப் போய்விட்டதாக யாராவது சொன்னால் நம்பாதே. காலையில் இரண்டு டம்ளர் காபி போட்டுவிடுகிறேன் என்பது உண்மைதான். அது அளவு தெரியாததால். தீபாவளி லேகியம் ரத்னா தருவதாகச் சொல்லியிருக்கிறாள். பேத்திக்கு என் முத்தம். மஹதிக்கும் மாப்பிள்ளைக்கும் பூரண ஆசீர்வாதம். சகல சௌபாக்கியத்தோடும், ஸ்வெட்டரோடும் இரு.

இப்படிக்கு,
வேதாந்தம்

பி.கு. (31-10-1999, ஞாயிறு): கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. நேற்று ஒரு நாய்கூட அருகில் இல்லாத பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்து உன்னைக் கூப்பிட்டேன். நீயே எடுத்தாய். "ஏன்னா! தனியாவா இருக்கேள்?" என்றாய். அப்புறம் நான் பேசியதெல்லாம் உனக்கே தெரியும். பால் வருது, தண்ணி வருது, மழை பரவாயில்லை. டிக்கெட்டை மாத்திடவா என்று மறுபடி கேட்டாய். என் வாயைப் பார்க்க ஒருவரும் இல்லை. இருந்தும், "பேஷா மாத்திக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். பூங்காவைப் பூட்டுகிறவன் வந்து எழுப்புகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மஹதி, இதற்கு மேல் நீ படிக்காதே. கடிதத்தை அம்மா கையில் கொடு. கண்ணாடி அவள் கைப்பையில்தான் இருக்கும்.

ஜானு, மாத்தாதே. நேக்கு முடியலை. வந்துடு.