செம்பண்ணையும் செத்தவர்களின் ஆறும்

இந்தப் பனி நாட்டில் எங்கள் குடியிருப்பான ரொம்சோசில் இருந்து புறப்பட்ட பேருந்துகளில் பாதி, செம்பு அண்ணை என்ற செம்பண்ணையை ஏற்றாமல் போனவை. வெளிக்கிடும்போது யாராவது "எங்கை போறியள்?" என்று கேட்டுவிட்டால் போதும், மனுசன் திரும்பி வீட்டுக்குள் போய், சப்பாத்தைக் கழற்றி, அரை மணி நேரம் இருந்து, செம்பில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார். எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம்தான். ஆனால் லிப்ட் வேலைசெய்யாத நாளிலும் அதற்காக ஆறாம் மாடிக்குத் திரும்பி ஏறியவர் அவர் ஒருவர்தான். வாசலில் சப்பாத்துத் தட்டின் மேல் அந்தப் பித்தளைச் செம்பு எப்போதும் நிறைந்திருக்கும்.

அவருடைய மனைவியை நாங்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அக்கா ஆஸ்பத்திரியில் இறந்தபோது இவர் வேலையில் நின்றார். அதற்குப் பிறகு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. கிரேக்கத்தில் அகெரோன் என்று ஓர் ஆறு. செத்தவர்களைப் படகில் ஏற்றி அக்கரையில் விடும் ஆறு என்று அந்த நாட்டுப் பழங்கதை சொல்கிறது. இப்போது உல்லாசப் பயணிகள் அதில் முழங்கால் தண்ணீரில் நடக்கிறார்கள். இதைத் தொலைக்காட்சியில் கண்டுவிட்டார். நமக்குத்தான் வைதரணி இருக்கிறதே என்றேன்.

"அதுக்கு டிக்கெட் போட ஏலாது, தம்பி. இதுக்கு ஏலும். அக்கரையைப் பாத்து அவவோடை ரெண்டு வார்த்தை கதைச்சாக் காணும்."

பக்கத்து வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு நானும் கூடப் போக ஒத்துக்கொண்டேன். முதல் வருடம், லிப்டில் நின்ற தமிழ்நாட்டுக்காரர் பெட்டியைக் கண்டு, "எங்க சார், ஊருக்கா?" என்று அன்பாக விசாரித்தார். அவ்வளவுதான், விமானம் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அடுத்த வருடம் கட்டடம் முழுக்க ஏறி இறங்கி, ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன். கீழே டாக்ஸி நிற்கிறது. அண்ணை கதவைப் பூட்டுகிறார். பதற்றத்தில் நானே கேட்டுத் தொலைத்தேன்.

"அண்ணை, பாஸ்போர்ட் எங்கை?"

பாஸ்போர்ட்டைப் பற்றிய கேள்வி இதில் சேராது என்று வாதாடினேன். அவர் அதற்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டார். கோபத்தில், உங்களோடு இனி ஒரு பயணமும் இல்லை என்று கத்திவிட்டேன். சரி தம்பி என்று சொல்லிச் செம்பை நிறைத்து வைத்தார். பிறகு அவர் அந்த ஆற்றைப் பற்றிக் கதைக்கவே இல்லை. நானும் வீம்புக்குக் கேட்கவில்லை. என் வாயை என்ன செய்தால் தகும்!

அந்தப் பனிக்காலம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அம்புலன்ஸ்காரர்கள் என் வாசலால்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணை என்னைப் பார்த்தார். அவருடைய சட்டம் எனக்குத் தெரியும்தானே. வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். அவர் திரும்பி வரவில்லை.

போன கோடையில் அகெரோனுக்குத் தனியே போனேன். மலை இடுக்கில் பச்சைத் தண்ணீர், கால் விறைக்கிற குளிர். சுற்றிவர எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கொண்டுபோன அண்ணையின் செம்பை ஆற்றில் நிறைத்தேன். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியதை அக்கரையைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன்.

"எங்கை அண்ணை போறியள்?"

பிறகு, செம்பை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கரையில் இருந்தேன்.