மைனாவை விரட்ட வந்த வல்லூறு

இது நடந்தபோது நான் அந்த வீட்டில் இல்லை. எனக்குச் சொன்னவர் அதற்குப் பக்கத்து வீட்டுக் கைரின்சா அக்கா. அவர் காதிலும் மதிலுக்கு மேலாக விழுந்ததுதான். அதனால் பேச்சில் ஒன்றிரண்டு வார்த்தை முன்பின் இருக்கலாம். ஒரு விஷயத்தை மட்டும் நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜலாலாபாத் பக்கம் ஷாய்லோபெக் வீட்டு முற்றம் முழுக்கத் திராட்சைப் பந்தல். பழம் இனிக்கத் தொடங்கிவிட்டது என்பது அவருக்குத் தெரிவதற்கு முன் மைனாக்களுக்குத் தெரிந்துவிடும். மைனாக்கள் விடியலில் வரும். ஷாய்லோபெக் விடிந்து வெகுநேரம் கழித்து வருவார்.

"ஏங்க, எந்திரிங்க! மைனா மேயுது!" என்பாள் மனைவி புருல்கான்.

"அதுங்களும் கடவுள் படைச்ச உயிர்தானே, புருல்."

"அப்ப குளிர்காலத்துல அதுங்ககிட்டயே போய் உலர்ந்த திராட்சை கேளுங்க."

ஒருநாள் தேநீர்க்கடையில், வல்லூறு பழக்கும் ஜான்தாய் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒரு வல்லூறு சும்மா இருக்கு. உன் பந்தலுக்குச் சரியா வரும். ஒரு மைனா கிட்ட வராது" என்றவர், உடனே தலையை ஆட்டிக்கொண்டார். "வேணாம் விடு. உன் வீட்டுல விடமாட்டாங்க."

"என் வீட்டுல யாரு அண்ணே விடமாட்டாங்க? அங்க நான் வச்சதுதான் சட்டம்!"

அன்றைக்கே தோல் கையுறையும், அதன்மேல் வல்லூறுமாக வீட்டுக்குள் நுழைந்தார். நடை கொஞ்சம் ராஜநடையாகத்தான் இருந்ததாம்.

புருல்கான் போட்ட கூச்சலில் கைரின்சா அக்கா கையிலிருந்த மாவைக் கீழே போட்டுவிட்டார். "இந்த மூஞ்சி வீட்டுல இருந்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்!"

"பறவை இருக்கும்" என்றார் ஷாய்லோபெக். கல்யாணம் ஆனதிலிருந்து இவ்வளவு உறுதியாக அவர் எதையும் சொன்னதில்லை.

"சரி, திராட்சை அறுக்கிற வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்குள்ள ஒரு கொத்தை மைனா தொட்டாலும் சரி, இந்தப் பறவைக்கு ஒரு குறை வந்தாலும் சரி, அது திரும்ப ஜான்தாய் வீட்டுக்குத்தான்."

ஷாய்லோபெக் வல்லூறைப் பார்த்தார். அது மஞ்சள் கண்ணை உருட்டி அவரைப் பார்த்தது. அந்த நிமிடத்தில் மனுஷர் விழுந்துவிட்டார். திராட்சை போனாலும் போகட்டும், இது போகக்கூடாது.

மைனா வருவது விடியலில். பசித்த வல்லூறு பறப்பதும் விடியலில்தான். ஆகவே ஷாய்லோபெக் இருட்டோடு எழுந்தார். பந்தலில் கம்பத்துக்குக் கம்பம் வல்லூறு ஒரே வீச்சில் பறந்ததும் மைனாக் கூட்டம் அலறியடித்து ஆற்றங்கரைக்கு ஓடியது. பிடிக்கவே வேண்டாம், நிழல் விழுந்தால் போதும்.

"முதல் நாள் அதிர்ஷ்டம்" என்று உதட்டைப் பிதுக்கினாள் புருல்கான்.

ஒருநாள் வல்லூறு தும்மியது. ஜான்தாய் வந்து பார்த்துவிட்டு, "புகை ஆகாது, நெஞ்சு கெட்டுடும்" என்றார். ஷாய்லோபெக்கின் சிகரெட் பெட்டி அடுப்புக்குப் போனது.

"கல்யாணம் ஆனதுலேருந்து நான் இருமறேன், உங்க காதுல விழல. அது ஒரு தும்மல் போட்டதும் விழுந்துடுச்சா?"

"நீ தாங்குவே புருல். அது பாவம், வாயில்லாத உயிர்."

"ஆமா, எனக்கு வாய் இருக்கறதுதான் குறை."

அடுத்து எலி வேண்டுமாம், வல்லூறுக்கு ருசி. மாவறையில் பல வருஷமாகக் குடியிருந்த எலிகள் ஒரே வாரத்தில் காலி. இறகு நனையக் கூடாதாம். ஒழுகும் தொழுவத்துக் கூரை புதிதாக எழுந்தது. சத்தம் ஆகாதாம். ஊருக்கே கேட்கக் கத்துகிற ஷாய்லோபெக், தாலாட்டுப் பாடுவதுபோல, "ஏ புருல்... என் காலுறை எங்க கண்ணு?" என்று கேட்க ஆரம்பித்தார்.

"என்ன, கண்ணுன்னா சொன்னீங்க?" என்று நெஞ்சில் கைவைத்தாள் புருல்கான்.

"உன்னை இல்ல. அதைப் பாத்துக்கிட்டே பேசினேனா, வாயில வந்துடுச்சு."

ஒருநாள் பாசம் மீறிப்போய், மாலையில் ஒரு பெரிய ஆட்டுக்கறித் துண்டை ஊட்டிவிட்டார். வயிறு நிறைந்த வல்லூறுக்கு எஜமான் எதற்கு? மறுநாள் காலை பாப்ளார் மர உச்சியில் போய் உட்கார்ந்தது. ஷாய்லோபெக் கீழே நின்று கூப்பிட்டார், விசிலடித்தார், கெஞ்சினார். வெயில் ஏறி இறங்கியது. அது இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

"ஜான்தாய்க்குச் சொல்லி அனுப்பட்டுமா? குறைன்னா குறைதானே" என்றாள் புருல்கான்.

அவர் மர உச்சியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மீசைக்காரர் அழப்போகிறார் என்று தோன்றியதாம் அக்காவுக்கு.

புருல்கான் உள்ளே போனாள். ஒரு துண்டு பச்சைக் கறியோடு வந்து அவர் கையில் திணித்தாள். "இந்தாங்க. இதுக்குள்ள பசிச்சிருக்கும். தூக்கிக் காட்டுங்க."

வல்லூறு கல் விழுவதுபோல இறங்கி அவர் கையில் அமர்ந்தது. இந்த உதவியை மனைவி ஏன் செய்தாள் என்று யோசிக்க அன்றைக்கு அவருக்கு நேரமில்லை. அப்புறமும் யோசிக்கவில்லை.

திராட்சை அறுத்தார்கள். ஒரு கொத்தில்கூட அலகு படவில்லை.

"இப்ப என்ன சொல்றே?" என்றார் ஷாய்லோபெக், மெதுவாக.

"என்னத்தச் சொல்ல? தோத்துட்டேன். இருந்து தொலையட்டும்" என்று பெருமூச்சு விட்டாள் புருல்கான்.

அன்று மாலை தேநீர்க்கடையில், பெண்டாட்டியை அடக்குவது எப்படி என்று இளைஞர்களுக்கு அவர் வகுப்பே எடுத்தாராம்.

இவ்வளவும் அக்கா சொன்னது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஜான்தாயைத் தேடிப் போய், வல்லூறைச் சும்மா தூக்கிக் கொடுத்தது ஏன் என்று கேட்டேன்.

"நானா கொடுத்தேன்? பனி உருகுறப்பவே புருல்கான் வந்துட்டா. 'அண்ணே, ஒரு ஆளை விடியறதுக்கு முன்ன எழுப்பி, பொழுதுக்கும் உக்காரவிடாம வேலை வாங்குற மாதிரி ஏதாவது பிராணி இருக்கா?'ன்னு கேட்டா. நான் முதல்ல கழுதைதான் தர்றேன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'அது வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு'ன்னுட்டா."

காதில் விழுந்ததை அப்படியே எழுதக்கூடாது என்பதற்காக, அவர்கள் தொழுவத்துக்கே போய்ப் பார்த்தேன். ஒரு பசுவும் சில ஆடுகளும் நிற்கின்றன. கழுதை இல்லை.