விதைக் களஞ்சியத்துக்கு ஒரே வழி

வரைபடக்காரர்கள் மை தீர்ந்து விட்டுவிட்ட இடத்தில் மருதவேலி என்றொரு நாடு இருந்தது. மலை, சமவெளி, கடற்கரை என மூன்று சீமைகள். மூன்றுக்கும் பொதுவாக ஒரே விதைக் களஞ்சியம். வெள்ளத்துக்குப் பயந்து அதை ஆண்டுதோறும் இடம் மாற்றுவார்கள். புது இடத்தைச் சமவெளியில் பலகையில் எழுதுவார்கள், கடற்கரையில் பறையறைவார்கள், மலையில் மாசணன் என்பவன் கொம்பூதிச் சொல்லுவான்.

மலைச்சீமை வேலாத்தாளின் சாமை விதை அங்கேதான் இருந்தது. விதைப்பு மழைக்கு முன் எடுத்தாக வேண்டும். "அத்தே, ஆத்துக்கு மேலாக்க இருக்குது! மாமனக் கூட்டிக்கிட்டுப் போ, வழியில தொலைச்சுப்போடாத!" என்று மாசணன் கத்துவதும், இவள் சிரித்துக்கொண்டே வைவதும்... அடடா, அது ஒரு காலம். அந்தக் குரலுக்காக அவள் மனம் ஏங்கியது.

தேர்தலில் வென்று வந்த புதிய மன்னருக்கு மூன்று விதமாகச் சொல்வது பிடிக்கவில்லை. சூழல் அமைச்சர் நெடுமுடியார் மாசணனின் கொம்பைப் பறிமுதல் செய்து, நாடு முழுமைக்கும் ஒரே குறிப்பை அறிவித்தார்: "கோட்டை முச்சந்தியில் இடப்பக்கம் திரும்புக."

மலைக்காரர்கள் எங்கே நின்றாலும் மலையைப் பார்த்துத்தான் இடம் வலம் சொல்வார்கள். கடற்கரையார் கடலைப் பார்த்து. அறிவிப்பை எழுதியவர்களோ அரண்மனையைப் பார்த்து எழுதியிருந்தார்கள். வேலாத்தாள் யானைப் பள்ளத்தில் போய் நின்றாள். கடற்கரையார் உப்பளச் சேற்றில் இடுப்பளவு நின்றார்கள்.

"குறிப்பில் பிழையில்லை," என்றார் அமைச்சர். "மக்கள் நிற்பதில்தான் பிழை. இனி அனைவரும் அரண்மனையை நோக்கியே நிற்க வேண்டும்."

மலையிலிருந்து அரண்மனை எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? ஆளுக்கொரு திசை பார்த்து நின்றார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

அமைச்சர் மறுபடி யோசித்தார். "இவர்கள் காதில் பழைய குறிப்பே ஊறிக் கிடக்கிறது. எல்லைக்கு வெளியே போய்ப் புதிதாக நுழையட்டும். நுழையும்போது கேட்பதுதான் நிற்கும்."

போனார்கள். பின்னால் கதவு சாத்தப்பட்டது.

"இந்த நாட்டாளுன்னு அடையாளம்?" என்றான் காவலன்.

"எம்பட விதை களஞ்சியத்துல கெடக்குதுங்க சாமி. அதுதானுங்க அடையாளம்," என்றாள் வேலாத்தாள்.

"சரி, எடுத்தாந்து காட்டு."

"உள்ள உட்டாத்தானுங்களே எடுக்க முடியும்?"

"அடையாளமில்லாம எப்படிம்மா உடுறது?"

வேலாத்தாள் வேலியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். வேலிக்கு அந்தப்புறம் அவளுடைய மேட்டுக்காடு உழுது போட்டபடியே கிடந்தது.

அதற்குள் அரண்மனை மகிழ்ச்சியோடு அறிவித்தது: களஞ்சியத்துக்கு வழி தெரியாதவர் ஒருவர்கூட இப்போது நாட்டில் இல்லை. கேட்பாரற்றுக் கிடக்கும் விதையை, வேலிக்கு வெளியே வாடும் அயலாருக்கு மன்னர் கருணையோடு வழங்குவார்.

மன்னர் முகம் அச்சிட்ட பை ஒன்று வேலாத்தாள் கைக்கும் வந்தது. பிரித்து மோந்து பார்த்தாள். அவளுடைய சாமைதான்.

"வெதைக்க நெலம் உள்ளார இருக்குதுங்களே சாமி?"

"நெலம் குடுக்கறது அடுத்த தேர்தலுக்கும்மா," என்றான் பை கொடுத்தவன். " இப்போதைக்கு இதக் கும்பிட்டு வாங்கு."

மழை இறங்கியது. அவள் கும்பிட்டாள்.