தாலி என் சட்டைப் பையில் இருக்கும் காரணம்

மதிப்பிற்குரிய மச்சான் ராமதாஸ் அவர்களுக்கு,

தங்கள் தங்கை குமுதாவின் கணவன் சிவநேசன் வணக்கத்துடன் எழுதுவது. ஜார்ஜ்டவுனில் நாங்கள் இருவரும் நலம். சுங்கை பாக்காப்பில் அக்காவும் பிள்ளைகளும் நலம்தானே. வாட்ஸ்அப்பில் எழுதினால் விரல் தவறிக் குடும்பக் குழுவுக்கே போய்விடுகிறது, அதனால் தபாலில் எழுதுகிறேன்.

"தங்கச்சி கழுத்துல தாலி இல்லையாமே, ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டீங்களா?" என்று போனில் கேட்டீர்கள். இல்லை மச்சான். தாலி என் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது. எல்லாம் புக்கிட் தெங்கா ஃபேக்டரியால் வந்தது. குமுதாவுக்கு அங்கே சிலிக்கான் சிப்பின்மேல் லேசர் ஒட்டும் வேலை. சிலிக்கான் வெளிச்சத்தைக் கொண்டுபோகுமாம், ஆனால் தானாக உண்டாக்காதாம். அதனால் வேறொரு பொருளில் செய்த, அரிசியைவிடச் சின்ன லேசரைக் கொண்டுவந்து அதன்மேல் ஒட்டுகிறார்கள். நடுவில் தூசு விழுந்தால் ஒட்டாது. "அப்ப அந்த வெளிச்சத்தக் காட்டேன் லா" என்றேன். "அது கண்ணுக்குத் தெரியாதுங்க" என்றாள். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்காக நான் கட்டிய தாலியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். மஞ்சள் கயிறு நூல் உதிர்க்குமாம். தங்கச் சங்கிலியும் கூடாதாம். லாக்கரில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. காலையில் ஃபேக்டரி வாசலில் கழற்றி என்னிடம் தருவாள், மாலையில் நான் ஓட்டும் ஃபேக்டரி வேனில் ஏறியதும் திருப்பிக் கொடுப்பேன்.

இதில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். நாசி கண்டார் சோற்றுக்கடையில் பத்து வெள்ளி நோட்டு எடுக்கக் கையை விட்டால் தாலி வருகிறது, கடைக்காரர் ஷேக் அலாவுதீன் பாய் "வெள்ளி இல்லன்னா நாளைக்குக் குடு சிவா, இதெல்லாம் வேணாம்" என்கிறார், ஒருநாள் சட்டையோடு துவைக்கப் போட்டதில் என் வெள்ளைச் சட்டை முழுக்க மஞ்சள், தைப்பூசத்தன்று அவள் வேலை முடிந்து யாருடனோ நேராகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக, தாலியோடு நான் கடல் பாலத்து ஜாமில் மாட்டிக்கொள்ள, கோயிலில் அவள் வெறுங்கழுத்தைப் பார்த்த உங்கள் சின்னம்மா மறுநாளே எங்கள் வாசலில் வந்து ஒப்பாரி வைத்துவிட்டார். கதவைத் திறந்தவன் நான், வாயில் இட்லி. என்னைப் பார்த்ததும் இன்னும் சத்தமாக அழுதார்.

ஆகவே எங்களுக்குள் சண்டை இல்லை, சச்சரவு இல்லை, பேச்சுகூட அதிகம் இல்லை. உறவுக்காரர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். தங்கள் குடும்பம் நோய்நொடியின்றி வாழத் தண்ணீர்மலை முருகன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு மைத்துனன்
சிவநேசன்

பி.கு.: குமுதாவைப் போன மாதமே ஆபீஸ் வேலைக்கு மாற்றிவிட்டார்களாம். அங்கே தாலி போடலாம், பூகூட வைக்கலாம் என்று கூட வேலை செய்யும் ரூபினி வேனில் சொன்னாள். குமுதா என்னிடம் சொல்லவில்லை. கடைசியாக ஒரு மாலை நான் தாலியை நீட்டியபோது, "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். அதன்பிறகு கேட்கவே இல்லை. ஏன் என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். அண்ணனிடம் சொல்வாள், நீங்கள் கேளுங்கள். நான் திருத்திக்கொள்ளக் கூடியதாக இருந்தால் மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.