திருநகரில் என் மூன்று மணி நேரக் குடித்தனம்

“ஒத்தப் பொம்பளப் பிள்ளைக்கு மதுரைக்குள்ள எவன்த்தா வீடு குடுப்பான்?”

இப்படி என்னிடம் கேட்டவர் ஒரு வீட்டுத் தரகர். வீடு பிடித்துக் கொடுப்பதுதான் அவருடைய பிழைப்பு. அவரே இப்படிக் கேட்டால் நான் வேறு யாரிடம் போவது? (கேட்டுவிட்டு, அதுவரை அலைந்ததற்குப் பெட்ரோல் காசையும் வாங்கிக்கொண்டுதான் போனார்.)

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள், கல்லூரி வாசலை மிதித்தவள், தேர்வு எழுதி அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக உட்கார்ந்தவள் எல்லாம் நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் எனக்கு இரண்டடி முன்னால் நடந்து போகும். நான் பின்னால் போவேன். “குடுக்குறாங்களா இல்லையான்னு பாருங்கண்ணே” என்று தரகரிடம் சொல்லிவிட்டு நானே தேடத் தொடங்கினேன்.

எனக்கு மட்டுமென்றால் விடுதிக் கட்டிலே போதும். ஆனால் தங்கை பூங்கொடிக்கு மதுரையில் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கொட்டாம்பட்டிப் பக்கம் உள்ள எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ் மாறி மாறி வந்து போக முடியாது. விடுதி என்றால் அப்பாவுக்கு ஆகாது. என்னை விட்டதற்கே அவர் பாதித் தூக்கத்தை இழந்திருந்தார். “அக்காளோட வீட்ல இருந்தாப் படிக்கட்டும், இல்லாட்டி வேணாம்” என்று முடித்துவிட்டார். கோடை முடிந்து ஒரு திங்கட்கிழமை கல்லூரி திறக்கும், அதற்குள் வீடு வேண்டும். இல்லாவிட்டால் பூங்கொடியின் படிப்பு அவ்வளவுதான்.

அந்தக் கோடை முழுக்க, அலுவலகம் விட்டதும் ‘வீடு வாடகைக்கு’ அட்டை தொங்குகிற தெருவாகப் பார்த்து நடந்தேன். இப்போது நினைத்தால் அந்த நடைகூட இனிக்கிறது. பூக்கட்டுகிற கடை வாசலில் ஈரத் துணி விரித்திருப்பார்கள். எங்கோ பணியாரம் வேகிற வாசம் வரும். ஒவ்வொரு வீட்டையும் அண்ணாந்து பார்த்து, எந்த ஜன்னலோரம் பூங்கொடியின் மேசையைப் போடலாம் என்று நான் தீர்மானித்துவிடுவேன். அதற்குப் பிறகுதான் வாடகையைக் கேட்பேன். கேட்டதும் மேசையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவேன்.

புதுப் புது ஆஸ்பத்திரிகளும் நாலுவழிச் சாலையும் வந்தபின், ஒரு அறையும் அதற்குள் மடக்கி வைத்த சமையலறையும் என் சம்பளத்தில் பெரும்பாதியைக் கேட்டன. அட்வான்ஸ் பத்து மாத வாடகை. அதற்குச் சரி என்றாலும் கேள்விகள் பாக்கி இருக்கும். எந்த ஊர் என்பார்கள். சொன்னதும், “ஊருக்குள்ளயா, காலனியா?” என்பார்கள். காலனி என்றுதான் சொல்வேன். சொல்லும்போது முகவாயைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வேன். “வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேம்மா” என்று பதில் வரும். சொல்கிறவர்தான் வீட்டுக்காரர். தன்னிடம் கேட்டுத் தனக்குச் சொல்ல அவருக்கு எத்தனை நாள் தேவைப்பட்டதோ, ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை.

கடைசியில் திருநகரில் ஒரு மாடி போர்ஷன் கிடைத்தது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர். அவரும் மனைவியும் கீழே இருந்தார்கள். பக்கவாட்டில் படி ஏறினால் மாடியில் எங்கள் அறை. அவர் ஊர், தெரு எதையும் கேட்கவில்லை. நிபந்தனைகள் மட்டும் வைத்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இரண்டு பேருக்கு மேல் தங்கக் கூடாது. சத்தம் கூடவே கூடாது. பால் காய்ச்சுகிற அன்று யார் யார் வருவார்கள் என்று கேட்டதற்கு, “அப்பா, அம்மா, தங்கச்சி மட்டும்தான் சார். ரொம்ப அமைதியானவங்க” என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அன்று சாயங்காலம், அவருடைய கேட்டின் மேல் ஒரு கையை வைத்து, பின்னால் மாடி வீடும் தென்னை மரமும் முழுசாகத் தெரிகிற மாதிரி, தெருவில் போன ஒருவரிடம் போனைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டேன். நின்ற தோரணையைப் பார்த்தால் தென்னையை நட்டதே நான்தான் என்று தோன்றும். அதை ‘நம்ம வீடு’ என்று எழுதி அப்பாவுக்கு அனுப்பினேன்.

அப்பாவுக்கு அது வாடகை வீடு என்று தெரியும். ஊருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் வாடகை வீடு என்று ஒன்று கிடையாது. குடிசையோ ஓடோ, அவரவருக்கு அவரவர் வீடுதான். அதனால் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம், மக மதுரையில மச்சு வீடே வாங்கிட்டாளா என்று கேட்டிருக்கிறார்கள். அப்பாவோ பிறர் வயலில் வேலை செய்தே வயதான மனுஷன். அந்தக் கேள்வியை நாலு பேர் கேட்கக் கேட்க, இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சிரித்துவைத்திருக்கிறார். அந்தச் சிரிப்பை அவருடைய தம்பி மாயாண்டி சித்தப்பா ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். ஆமாம் என்றால் அடுத்து ஃபிளெக்ஸ். மதுரைப் பக்கம் காது குத்துக்கே தெருவை மறைத்துப் பேனர் வைப்பார்கள். வீடு வாங்கினால் விடுவார்களா?

வெள்ளிக்கிழமை விடிய நேரம், விடுதியிலிருந்து பால் பாத்திரமும் நானுமாக ஆட்டோவில் வந்தேன். திருநகருக்குள் திரும்புகிற முக்கில் ஆட்டோக்காரர் வண்டியை மெதுவாக்கி, பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு ஆள் உயரத்துக்கு என் முகம். தலைக்குப் பின்னால் வீட்டுக்காரருடைய வீடு. ‘புதுமனை புகுவிழா காணும் எங்கள் குலவிளக்கே! கொட்டாம்பட்டிச் சீமையின் முதல் பட்டதாரியே!’ (சீமையில் ஏற்கெனவே இருந்த பட்டதாரிகளோடு சித்தப்பா கலந்தாலோசிக்கவில்லை.) கீழே வட்டம் வட்டமாகச் சொந்தக்காரர்களின் முகங்கள். ஓரத்தில் வழி காட்டும் அம்புக்குறி. முந்தின நாள் மாலையே கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அம்புக்குறி காட்டிய திசையில் இரண்டு குட்டியானைகள் நின்றன. எங்கள் பக்கம் சின்ன லோடு வண்டியை அப்படித்தான் சொல்வோம். ஒன்றிலிருந்து நாற்பது பேருக்குக் குறையாமல் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்ததில் குத்துவிளக்கு, பித்தளைக் குடம், அரிசி மூட்டை, கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பசு மாடும் கன்றும். புது வீட்டுக்குள் முதலில் பசுதான் நுழைய வேண்டும் என்பது வழக்கம். வழக்கத்தில் சித்தப்பா குறை வைக்க மாட்டார்.

நான் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்து, நமக்கு மாடி மட்டும்தானே என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், “வந்துட்டாக, இனி என்னத்தச் சொல்ல” என்றார். அதற்குள் மாட்டை நடத்திக்கொண்டு போய்விட்டார்கள். மாடு மாடிப்படி ஏறாது. படத்தில் தெரிந்ததோ முன்வாசல். வீட்டுக்கார அம்மா அங்கே கோலம் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்து பார்த்தவர், சாணி தெளிக்க யாரோ தெரியாமல் மாட்டோடு வந்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். நினைத்து முடிப்பதற்குள் மாடு கோலத்தைக் கடந்து, நிலையைக் கடந்து, அவருடைய ஹாலில் நின்றது. நின்றதோடு இல்லாமல் அந்த மொசைக் தரையில் தாராளமாகக் கோமியமும் விட்டது.

என் அத்தைமார்கள் ஆறு பேரும் ஒரே நேரத்தில் குலவையிட்டார்கள். இதைவிட நல்ல சகுனம் வேறு இல்லை.

வீட்டுக்காரர் பனியனோடு வெளியே வந்தார். அவர் வைத்த எந்த நிபந்தனையிலும் மாடு இல்லை. அதனால் எதை மீறினேன் என்று சட்டென்று சொல்ல அவரால் முடியவில்லை. “ஏம்மா... ரெண்டு பேருன்னு...” என்று வாயெடுத்தார். மன்னிப்புக் கேட்டு, மாட்டை வெளியேற்றி, தரையைக் கழுவி, எல்லோரையும் மாடிக்கு ஏற்றி, நல்ல நேரம் போவதற்குள் பாலையும் பொங்கவிட்டேன். பால் வடக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. மறுபடி குலவை. வீட்டுக்கார அம்மாவே மனசு மாறி மேலே வந்து ஒரு டம்ளர் பால் வாங்கிக் குடித்தார். தப்பித்தோம் என்று நான் நினைத்தபோது கீழே ஒரு கார் வந்து நின்றது.

வந்தவர் வீட்டுக்காரரின் அண்ணன். திருமங்கலத்தில் இருப்பவர். அந்த வீடு இருவருக்கும் பொதுவான அப்பன் சொத்து என்பதும், பாகம் பிரிக்காமல் வருடக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதும் அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிய வந்தது. பஸ்ஸில் போன யாரோ பேனரைப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டை ஒரு பெண் வாங்கிவிட்டதாமே என்று அவருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். வக்கீல் குமாஸ்தா ஒருவரையும் கையோடு அழைத்து வந்திருந்தார்.

“எம்பங்கையும் சேத்து வித்துட்டியேடா” என்றார் தம்பியிடம். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. தம்பி சத்தியம் செய்தார். அண்ணன் மாட்டைக் காட்டினார். தம்பி மறுபடி சத்தியம் செய்தார். அண்ணன் வாசலில் கட்டிய மாவிலையையும் குத்துவிளக்கையும் நாற்பது பேரையும் காட்டினார். வாடகைக்கு வருகிறவள் இவ்வளவு செய்வாளா என்று குமாஸ்தா நியாயமாகக் கேட்டார்.

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். “நீயே சொல்லும்மா. இந்த வீட்ட நீ வாங்கிருக்கியா?”

எங்கள் ஊரே நின்றுகொண்டிருந்தது. அத்தைமார்கள், பட்டுச் சேலை கட்டிய சித்தி, பேனர் வைத்த சித்தப்பா எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் தரையைப் பார்த்தார். அவ்வளவு நாள் எனக்கு முன்னால் நடந்த கர்வம் எங்கே போய் ஒளிந்ததோ தெரியவில்லை.

“இல்ல சார். வாடகைக்கு வந்திருக்கேன். மேல ஒரு ரூமு மட்டும்.”

கன்றுக்குட்டி மட்டும் கத்தியது. பிறகு அப்பா தலையை நிமிர்த்தி, அந்த அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: “வாடகைதான்யா. எங்க சனத்துல பட்டணத்துல சம்பாதிச்சு வாடகை கட்டப் போற மொத ஆளு எம்மகதான். அதுக்குத்தான் வந்தோம்.”

அதைக் கேட்டபோது வந்த அழுகை, இதை எழுதும்போதும் எட்டிப் பார்க்கிறது. ஆனால் சிரிப்பும் சேர்ந்துதான் வருகிறது. ஏனென்றால் அப்பா முடித்ததும் பெரிய அத்தை என்னைத் தனியே இழுத்து, வாடகை எம்புட்டு என்று கேட்டார். சொன்னேன். “வருசத்துக்கா?” என்றார். மாசத்துக்கு என்றேன். அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பாகம் முடிகிற வரை இந்த வீட்டில் யாரும் குடி வரக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது கோபத்தைவிட வருத்தம்தான் அவர் முகத்தில் அதிகம் இருந்தது. எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்காத ஒரே மனிதரை நான்தான் சந்தியில் நிறுத்தினேன். பால் காய்ச்சி மூன்று மணி நேரத்தில் காலி செய்தோம். ஆணி ஒன்றும் அடிக்கவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

பூங்கொடி கட்டில் மேல் உட்கார்ந்து அழுதாள். கட்டில் வண்டியில் இருந்தது. அவள் அழுவதைப் பார்த்ததும் மாயாண்டி சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். “வந்தது வந்தோம், வீட்டப் பாத்துட்டுத்தான் போறோம்” என்றார். நாற்பது பேரும் நாலாகப் பிரிந்து தெருத் தெருவாக இறங்கினார்கள். பட்டுச் சேலையோடு என் அத்தைமார்கள் கண்ட கண்ட கதவையெல்லாம் தட்டினார்கள். நான் கோடை முழுக்கத் தனியாகச் செய்ததை ஊரே சேர்ந்து ஒரு பகலில் செய்தது. “ஊருக்குள்ளயா, காலனியா?” என்ற கேள்வி அன்று அவர்களுக்கும் கிடைத்தது. “காலனிதான். இம்புட்டுப் பேரும் காலனிதான்” என்று பெரிய அத்தை ஒருவரிடம் சொன்னாராம். அவர் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

வெயில் தாழ்கிற நேரத்தில் நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழக மாணவிகளுக்கு அறை விடுகிற ஒரு டெய்லர் அக்கா கதவைத் திறந்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உள்ளே அனல். ஜன்னல் ஒன்றுதான், ஆனால் மேசை போட இடம் இருந்தது. அன்றைக்கு இரண்டாவது முறையாகப் பால் காய்ச்சினோம். மாடு வண்டியை விட்டு இறங்க மறுத்துவிட்டது. திங்கட்கிழமை பூங்கொடி கல்லூரிக்குப் போனாள்.

இன்றும் ஊரில் யாராவது புதுச் சட்டை போட்டால், “சொந்தமா, வாடகையா?” என்றுதான் கேட்பார்கள். அந்த ஃபிளெக்ஸ் எங்கள் வைக்கோல் படப்பின் மேல் கிடக்கிறது. மழைக்கு முந்தின நாள் அம்மா என் முகத்தை இழுத்து மூடிக் கல் வைப்பார்.

பூங்கொடி இப்போது வேலைக்குப் போகிறாள். ஆஸ்பெஸ்டாஸுக்கு அடியில் வெந்தது போதும் என்று, இருவரும் சேர்த்த பணத்தில் ஒத்திக்கு வீடு தேடினோம். மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால், மாத வாடகை இல்லாமல் இருந்துவிட்டுக் காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். போன வாரம் ஒரு வீடு அமைந்தது. வீட்டுக்காரர் தன் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, என்னுடையது ஒன்று இருக்கிறது என்றேன்.

“பால் காய்ச்சுற அன்னைக்கு எங்க ஆளுக நாப்பது பேரு வருவாக. உங்களுக்குச் சம்மதம்னாச் சொல்லுங்க, கையெழுத்துப் போடுறேன்.”

அவர் என்னைப் பார்த்தார். பூங்கொடியைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

போட்டுவிட்டேன்.