கடப்பாரை நட்ட யார்க்ஷயர் ரைட்டர்

இங்கிலாந்தைப் பார்க்காமலே அதை நிர்வாகம் செய்த ஒரே மனிதர் எங்கள் யார்க்ஷயர் ரைட்டர்தான். பூந்தமல்லி சர்க்கார் ஆபீஸில் நகல் எழுதுகிற வேலை, எனக்கு அடுத்த மேஜை. பட்டாள முகாமைக் காலி செய்த துரை ஒருவர் விட்டுப்போன யார்க்ஷயர் சரித்திரத்தைப் பதினாறு முறை படித்திருந்தார். அதன்பிறகு நம் ஜில்லா அவர் கண்ணிலேயே படவில்லை.

நமக்குத் தாலுகா போல அங்கே முன்காலத்தில் ‘வேப்பன்டேக்’ என்று ஒரு பிரிவாம். தலைவர் ஈட்டியை நட்டுவைப்பாராம். ஊரார் ஆயுதத்தோடு வந்து, சம்மதமானால் அதைத் தட்டுவார்களாம். மனு கிடையாது, ஸ்டாம்பு கிடையாது. இதைச் சொல்லும்போது ரைட்டருக்குக் கண் கலங்கும்.

அந்த வருஷம் காட்டுப்பாக்கம் ஏரியில் ஒரு பாய்ச்சலுக்குத்தான் தண்ணீர். வாய்க்கால் கோடியில், கடைமடையில் என் நெல் பால் பிடிக்கும் பருவம். தலைமடைக் கன்னியப்பன் தன் வயலுக்கே முதல் தண்ணீர் என்று மதகை விட்டு நகரவில்லை. நாங்கள் கொடுத்த மனு எங்கள் ஆபீஸிலேயே, வெட்கக்கேடு, என் மேஜையிலேயே தூங்கியது.

“வேப்பன்டேக் கூட்டிடலாம்” என்றார் ரைட்டர், காபி சாப்பிடலாம் என்பதுபோல.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில் ஈட்டிக்குப் பதில் கடப்பாரையை நட்டார். அரிவாளும் மண்வெட்டியுமாக ஐம்பது பேர் கூடினோம்.

“கடைமடைக்கு முதல் தண்ணி. சம்மதம்னா தட்டுங்க.”

தலைமடைக்காரர்கள் அசையவில்லை. “சீமையில தெனம் மழ பேஞ்சிகினு கீதாம். இங்க இன்னா கீது, ரைட்டரே?” என்றான் கன்னியப்பன்.

அந்த நேரம் பார்த்துப் போலீஸ் வந்தது. ஏரிக்கரையில் ஆயுதக் கும்பல் என்று எவனோ சொல்லியிருக்கிறான்.

“இன்னாய்யா, கலவரமா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இல்லீங்க, யார்க்ஷயர்” என்றார் ரைட்டர்.

“கூட்டுனது நீதானே? இங்க சண்டைன்னு ஒருத்தன் வாயத் தொறந்தாலும் உன்னத்தான் உள்ள வெப்பேன்.”

உள்ளே வைத்தால் ரைட்டருக்குச் சர்க்கார் வேலையும் போய்விடும். கன்னியப்பன் ரைட்டரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு முன்னால் வந்து மண்வெட்டியால் கடப்பாரையைத் தட்டினான்.

“சண்ட இன்னா கீது, ஐயா? மொதத் தண்ணி கடைமடைக்குத்தான். பேசி முடிச்சாச்சி.”

பின்னாலேயே எல்லோரும் தட்டினோம். இன்ஸ்பெக்டர் நம்பாமல் கடப்பாரையை லத்தியால் தட்டிப் பார்த்தார். ரைட்டர் அதையும் ஒரு சம்மதமாகக் குறித்துக்கொண்டார்.

என் நெல் பிழைத்தது. கன்னியப்பன் வயலில் பாதி காய்ந்தது. ரைட்டரைத் தெற்கே எங்கேயோ மாற்றிவிட்டார்கள். யார்க்ஷயரையும் கையோடு கொண்டுபோனார். கடப்பாரையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

அதை யாரும் பிடுங்கவில்லை. மதகு திறக்கும் நாளில் நான் மண்வெட்டியால் ஒருமுறை தட்டுவேன், கன்னியப்பனும் தட்டுவான். எதற்குச் சம்மதம் என்று கேட்டால், ரைட்டர் திரும்பி வரலாம் என்பதற்குத்தான்.